ஒன்றரை மில்லிமீட்டர்

அப்பாவின் இடது கையில் மோதிர விரலும் சுண்டுவிரலும் முழுதாக மடங்காது. கோவில்பட்டியில் அவர் வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீஸில் 1998இல் மருந்து பற்றிக்கொண்டபோது வெந்த கை அது. அதற்கு முன்பு, கோயில் கொடை நடக்கும் ஊர்களில் பூவனலிங்கத்தின் மெல்லிசைக் குழுவுக்கு அப்பா செண்பகராஜ்தான் பேஸ் கிட்டார். கை வெந்தபின் ஐந்து வருடம் மேடை ஏறவில்லை. கிட்டாரையும் விற்றுவிட்டார்.

2003 சித்திரையில் பூவனலிங்கம் வீட்டுக்கு வந்தார்.

"எப்போதும்வென்றான் ஊரு கொடைக்கு வாரியளா அண்ணாச்சி? இல்லன்னா கீபோர்டுக்காரனே இடது கையால பேஸையும் போட்டுருவான். கை எப்படி இருக்கு?"

"கைக்கு என்ன? நல்லாத்தான் இருக்கு. வாரேன்."

அவர் போனதும் அம்மா சொன்னாள்: "ஒரு வெங்காயம் உரிக்க வரல. கிட்டாரு வாசிக்கப் போறாவளாம்."

நான் அப்போது ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். பெங்களூரில், தனித்தனிப் பாகங்களாக வரும் ஒரு பேஸ் கிட்டார் கிட் வாங்கி, விடுப்பெடுத்து வந்தேன். அப்பா அட்டைப்பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஏட்டி சுகுணா, என்னட்டி இது? கறிக்கடையில வாங்குன மாதிரி கூறு கூறா இருக்கு."

உடலில் வெட்டியிருந்த பள்ளத்தில் கழுத்துக்கட்டையைப் பொருத்தி நான்கு திருகாணிகளை முடுக்கினேன். வயர்களைப் பற்றவைத்தேன். நான்கு தந்திகளையும் ஏற்றிச் சுருதி கூட்டினேன். கழுத்தின் குறுக்கே பதித்த கம்பிகளுக்கு மேல் தந்திகள் மூன்று மில்லிமீட்டர் உயரத்தில் நின்றன. அப்பாவின் அந்த இரண்டு விரல்களுக்கும் தந்தியைக் கம்பிவரை அழுத்த வலுவில்லை.

"போய்ச் சேர மாட்டேங்கு. இறக்கு."

உடலில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜில் ஒவ்வொரு தந்திக்கும் இரண்டு சிறு திருகாணிகள். ஆலன் கீ என்ற சிறு திருகுசாவியால் கால் சுற்று, கால் சுற்றாக இறக்கினேன். இரண்டரை. இரண்டு. ஒன்றரையில் மோதிர விரல் போய்ச் சேர்ந்தது. சுரம் சுத்தமாகக் கேட்டது.

"ஆங், இப்பத்தாம்ட்டி பேசுது."

ஒவ்வொரு இடத்திலும் இடைவெளியை அளந்து குறித்துக்கொண்டேன். ஒன்றை மட்டும் அளக்கவில்லை. வீட்டில் அவர் தந்தியை வருடினார். மேடையில், காதருகே டிரம் அடிக்கும்போது, பழைய பழக்கத்தில் ஓங்கித்தான் அடிப்பார். அவ்வளவு தாழ்வாக இருக்கும் தந்தியை ஓங்கி அடித்தால் அது கம்பியில் மோதிக் கரகரக்கும். இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

கொடையில் இரண்டாவது பாட்டிலேயே ஸ்பீக்கர் கரகரத்தது.

"ஏலே, எவம்ல அங்கன தகரத்தை உருட்டுதான்?" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான். சிரித்தார்கள். பூவனலிங்கம் திரும்பி அப்பாவைப் பார்த்தார்.

ஆலன் கீ என் பையில் இருந்தது. தந்திகளை உயர்த்த மூன்று நிமிடம் போதும். மேடைப் படிவரை போனேன். அப்பா என்னைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று தலையசைத்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. உயர்த்தினால் கரகரப்பு நிற்கும். விரல் போய்ச் சேராது. கை போனது ஊருக்கே தெரிந்துவிடும்.

அவரே கிட்டாரின் சத்தக் குமிழைச் சுழியத்துக்குத் திருப்பினார். பூவனலிங்கம் கண் காட்ட, கீபோர்டுக்காரனின் இடது கை பேஸை எடுத்துக்கொண்டது. கடைசிப் பாட்டு வரை அப்பா நின்று, ஊமைத் தந்திகளில் விரல்களை ஓட்டிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் பூவனலிங்கம் வந்தார். கையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

"பேஸ் கீபோர்டுலயே ஓடட்டும் அண்ணாச்சி. நீங்க கிட்டாரோட சும்மா நில்லுங்க. நாலு பேரு கூட நின்னாத்தான் மேடைக்கு எடுப்பு."

அப்பா சரி என்றார். அப்படி மூன்று வருடம் நின்றார், 2006 புரட்டாசியில் மாரடைப்பில் சாகும்வரை.

ஒவ்வொரு கொடைக்கும் மறுநாள் ஓசூரிலிருந்து போன் செய்வேன்.

"சத்தம் எப்படிப்பா இருந்துச்சு?"

"சுத்தமா இருந்துச்சுட்டி."

"தந்தி உயரம் எதுவும் மாத்தணுமா? அடுத்த லீவுக்கு வாரேன்."

"வேண்டாம். நீ வச்சது வச்சபடி இருக்கட்டும்."

அவர் குமிழைச் சுழியத்துக்குத் திருப்பியதை நான் பார்த்தது அவருக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு முறையும் கேட்டேன். அவரும் ஒவ்வொரு முறையும் பதில் சொன்னார்.