மூன்றரை நிமிடம் லேட்

அப்பாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அம்மா சமையலறைச் சுவரைக் காட்டினாள். போன வருடத்து மாதக் காலண்டர் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஜனவரி பொறந்து பத்து நாளாச்சு கண்ணு. நீயே எறக்கிடு. எனக்குக் கை வரல."

இறக்கினேன். கட்டங்களில் கேஸ் சிலிண்டர் வந்த நாளையும் ஜெபக் கூட்டம் நடக்கும் நாளையும் அம்மா பேனாவால் குறித்திருந்தாள். அவற்றுக்குக் கீழே பென்சிலில் அப்பா எழுதிய நேரங்கள்.

அப்பா பெயர் பெரியநாயகம். பொம்மிடிக்கு அருகே ஒரு ரயில்வே கேட்டில் முப்பத்தொரு வருடம் கேட் கீப்பர். தினமும் மாலை நான்கு மணிக்கு ஸ்டேஷனிலிருந்து போனில் நேரம் சொல்வார்கள். அவர் தன் கைக்கடிகாரத்தை அதற்குச் சரிசெய்வார். சாவி கொடுக்கும் பழைய எச்.எம்.டி. ஒரு நாளைக்கு இருபது விநாடி பின்தங்கும். அந்தப் பிசகையும் ஞாபகம் வைத்துக்கொண்டு கூட்டிக்கொள்வார்.

ஓய்வு பெற்ற பிறகும் நான்கு மணிக்குக் கடிகாரத்தைச் சரிசெய்வார்; ஆனால் அவருக்கு வண்டிகள் இல்லை. நான் பெங்களூரில் ஆன்டெனா சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். ஒரு தடவை ஊருக்கு வந்தபோது, சாயங்காலம் வானத்தில் சர்வதேச விண்வெளி நிலையம் கடப்பதைக் காட்டினேன். மினுங்காத ஒரு வெள்ளைப் புள்ளி. அப்பா வானத்தைப் பார்க்கவில்லை, முதலில் கடிகாரத்தைப் பார்த்தார்.

"எத்தன மணிக்குன்னு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்ப்பா. லிஸ்ட் இருக்கு."

"அப்ப டைம் டேபிள் இருக்குதுன்னு சொல்லு."

அன்றிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பட்டியல் அனுப்பினேன். அவர் ஒவ்வொன்றையும் சரிபார்த்துக் காலண்டரில் குறித்தார். ரைட் டைம். பத்து விநாடி பிஃபோர். மேகம். எதிர்வீட்டுக் கோவிந்தன் மாமா கிண்டல் செய்வார்.

"என்ன கேட்டுக்காரரே, உங்க எக்ஸ்பிரஸு பொம்மிடில நிக்குமா?"

"நிக்காதுங்க. நின்னா நம்ம தலமேலதான் எறங்கும்."

அப்பாவின் கேள்விகள் எல்லாம் ரயில் கேள்விகள். "மேக்கருந்து கெழக்கயேதான் போவுது. திரும்பி வர்ற லைன் எங்க?" வட்டம், ஒரே திசை, ஒன்றரை மணி நேரத்தில் ஒரு சுற்று என்றேன். "எதுத்தாப்ல வண்டியே வராதா? குடுத்து வெச்ச டிரைவரு." இன்னொரு நாள், "எழுவத்தொம்போதுல ஸ்கைலாப் விழுவுதுன்னு ஊர்ல பாதிப் பேரு கோழியெல்லாம் அடிச்சுத் தின்னுட்டாங்க. அது கடைசில ஆஸ்திரேலியாவுல விழுந்துச்சு. இது ஏன் விழல?" என்று கேட்டார். அவ்வளவு உயரத்திலும் கொஞ்சம் காற்று இருக்கிறது, அது இழுக்க இழுக்க நிலையம் இறங்கும், அவ்வப்போது இன்ஜினால் தள்ளி மேலே ஏற்றுவார்கள் என்றேன். சொன்னேன். பிறகு மறந்துவிட்டேன்.

அக்டோபரில் ஒரு வாரம் விடாத மழை. வானம் வெளுத்த முதல் சாயங்காலம் போன் வந்தது.

"கண்ணு, உன் வண்டி இன்னிக்கு மூணரை நிமிசம் லேட்டு."

நான் ஒரு மீட்டிங்கில் இருந்தேன். "அது லேட்டா எல்லாம் வராதுப்பா. உங்க வாட்ச்சப் பாருங்க."

"சரி கண்ணு. வேலையப் பாரு."

அதற்கப்புறம் அவர் அந்த நிலையத்தைப் பற்றிப் பேசவே இல்லை. பட்டியல் கேட்கவில்லை. நானும் அனுப்பவில்லை. டிசம்பரில் நெஞ்சுவலி. தர்மபுரி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

சர்வீஸில் ஒருமுறை, நேரத்துக்கு முன்பே கேட்டை மூடிவிட்டார் என்று ஒரு லாரிக்காரர் புகார் கொடுத்திருந்தார். விசாரணையில் அப்பா கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். ஸ்டேஷன் கடிகாரத்தோடு ஒப்பிட்டுவிட்டு அனுப்பிவிட்டார்கள். அப்படிப்பட்டவரிடம் வாட்ச்சைப் பாருங்கள் என்று சொன்னவள் நான்.

காலண்டரில் அக்டோபர் தாளைத் திருப்பினேன். அந்தக் கட்டத்தில் மூன்று வரிகள்.

6.44.40. லேட்.

ஸ்டேஷனில் பார்த்தது: வாட்ச் சரி.

தள்ளினார்களா?

"அம்மா, அன்னிக்கு அப்பா ஸ்டேஷனுக்குப் போனாரா?"

"நீ போன வெச்சதுமே சைக்கிள எடுத்துக்கிட்டுப் போனாரு. வந்து சோறு திங்கறப்போ சொன்னாரு, அவளும் படிச்ச புள்ள, இந்த வாட்ச்சும் தப்பு சொல்லாது, நடுவுல எதோ நடந்திருக்குதுன்னு."

"எங்கிட்ட ஏம்மா கேக்கல?"

"புள்ளைக்கு வேல இருக்குதுன்னாரு."

லேப்டாப்பை எடுத்தேன். நிலையத்தின் பழைய பாதைக் கணக்குகள் இணையத்தில் எல்லோருக்கும் கிடைக்கின்றன. நான் பட்டியல் அனுப்பிய நாளின் கணக்கை வைத்துப் பார்த்தால், நிலையம் உச்சிக்கு வரவேண்டிய நேரம் 6.41.10. அவர் பார்த்த நாளின் கணக்கை வைத்துப் பார்த்தால் 6.44.35. இரண்டுக்கும் நடுவே, மழை வாரத்தின் தொடக்கத்தில், பாதை ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் உயர்ந்திருந்தது. பாதை உயர்ந்தால் ஒரு சுற்றுக்கு இரண்டு விநாடி கூடும். ஒரு நாளைக்குப் பதினைந்து சுற்று. ஏழு நாளில் மூன்றரை நிமிடம்.

தள்ளியிருந்தார்கள். அப்பாவின் கணக்கில் ஐந்து விநாடிதான் பிசகு. வெறும் கண்ணால், சாவி கொடுக்கும் கடிகாரத்தால் அளந்தது.

"அம்மா, அப்பா வாட்ச் சரியாத்தான் இருந்திருக்கு."

அம்மா அரிசி களைந்துகொண்டே திரும்பாமல் சொன்னாள். "அது அவருக்குந் தெரியும், எனக்குந் தெரியும். உனக்குத்தான் லேட்டு."

அப்பாவின் கைக்கடிகாரம் மாதா படத்தின் பக்கத்தில் இருந்தது. காதருகே வைத்தேன். ஓடியது. தினமும் காலையில் அம்மா சாவி கொடுத்து வந்திருக்கிறாள். நேரம் சரிசெய்ய அவளுக்குத் தெரியாது. பத்து நிமிடம் பின்னால் இருந்தது.

மணி மூன்றரை. அப்பாவின் சைக்கிளில் காற்று இருந்தது. நான்கு மணிக்கு அவருடைய வாட்ச்சைக் கையில் கட்டிக்கொண்டு ஸ்டேஷன் கடிகாரத்துக்கு எதிரே போய் நின்றேன்.