சீட்டுக்கு ஜாமீன்

"புருஷன் பேரு இல்லாம உன்ன எப்படிம்மா சீட்டுல சேக்கறது? நாளைக்கு நீ காசு கட்டாம போயிட்டா நான் யார் வீட்டுக் கதவத் தட்டறது?"

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சீட்டுப் பிடித்துவந்த அக்கா இப்படிக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். உயர்நிலைப் பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்துத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டும் வேலையில் இருந்தேன். ஆனாலும் கணவன் பேர் இல்லாமல் என் பேர் செல்லவில்லை.

அதுதான் தோட்டத்து வழக்கம். சம்பள நாளில் மனைவியின் கூலியையும் கணவனே கைநீட்டி வாங்குவான். கொழுந்து பறிக்கும் பெண்கள் மாதாமாதம் சீட்டுக் கட்டினாலும் ஜாமீன் கணவன் பேர்தான். கல்யாணமான நாளிலிருந்து என் சம்பளத்தையும் தோட்டத்து லோரி ஓட்டிய என் கணவரே வாங்கினார். என் சம்பளக் கவர் என்ன நிறம் என்றுகூட எனக்குத் தெரியாது.

அப்போதுதான் ஈப்போ கோர்ட்டில் எங்கள் விவாகரத்து முடிந்திருந்தது. தோட்டம் கொடுத்த லயத்து வீடு அவர் பேரில் இருந்ததால், தீபாவளிக்குள் என்னைக் காலி செய்யச் சொன்னார்கள் தோட்டத்து ஆபீசில். பக்கத்து டவுனான பிரிஞ்சாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த பாய், கடைக்கு மேலிருந்த அறையைக் காட்டினார். "மூணு மாச வாடகைய முன்பணமா குடுத்துட்டுச் சாவிய வாங்கிக்கம்மா." மகளுக்குப் பால்மாவும் வீட்டுச் சாமானும் வாங்கியபின் மிஞ்சும் சில வெள்ளியில் அதைச் சேர்க்க ஒரு வருஷமாகும். சீட்டுப் பணம் கிடைத்தால்தான் எனக்கும் மகளுக்கும் கூரை.

மறுநாள் அக்காவிடம் திரும்பப் போனேன். "எனக்குக் கடைசி முறையக் குடுங்கக்கா. எல்லாரும் எடுத்த பிறகு எடுத்துக்கறேன். அதுவரைக்கும் என் காசுதானே உங்ககிட்ட இருக்கும்? அதுக்கு எதுக்கு ஜாமீன்?"

அக்கா வாய்விட்டுச் சிரித்தார். "படிச்ச பிள்ள மடக்கிருச்சு லா!"

சேர்த்துக்கொண்டார். தீபாவளிக்குள் பணம் வராது என்று தெரியும். முதலில் உள்ளே நுழைவோம், பிறகு ஆபீசில் கெஞ்சி வீடு காலி செய்யத் தவணை கேட்போம் என்று நினைத்தேன்.

அந்த மாதம் சம்பள வரிசையில் ஆண்களுக்கு நடுவே நின்றேன். சம்பளம் கொடுக்கும் கிராணி கவரை எடுத்துவிட்டு, பழக்கத்தில் எனக்குப் பின்னால் யாரையோ தேடினார்.

"இனிமே நானே வாங்கிக்கறேன் ஐயா."

பழுப்பு நிறக் கவர். வெளியே பனி இறங்கியிருந்தது. மலை முழுக்க மறைந்திருக்க, கையிலிருந்த அந்தக் கவர் மட்டும் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. பிரிக்க மனமில்லாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றேன்.

தீபாவளி நெருங்கியபோது, கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் மைலோ டின்னைக் குலுக்கிச் சீட்டு எடுத்தார்கள். விழுந்தது ஒரு கொழுந்துக்கார அம்மாவின் பேர். கொழுந்துக் கத்தி பட்ட அவர் விரலுக்கு நான் சில நாள் மருந்து கட்டியிருந்தேன். அவ்வளவுதான் எங்களுக்குள் பழக்கம்.

"என் முறைய அந்த ஆஸ்பத்திரிப் பிள்ளைக்குக் குடு, வீடு காலி பண்ணணுமாம்ல. நான் கடைசில எடுத்துக்கறேன்" என்றார் அவர்.

"முழுசா எடுத்துட்டு மிச்சத்தக் கட்டலன்னா?" என்றார் அக்கா.

"நான் கட்டறேன்" என்றார் அந்த அம்மா.

"என் பேரையும் போட்டுக்க" என்றாள் பக்கத்திலிருந்தவள். "என் பேரையும்" என்றது இன்னொரு குரல். "எனக்கு மருந்து போடறப்ப எரியாம போடச் சொல்லு, அதான் வட்டி!" என்று ஒருத்தி கத்த, கொட்டகையே சிரித்தது.

நான் மட்டும் சிரிக்கவில்லை. தாங்கள் சம்பாதித்த காசையே கையில் வாங்கியறியாத பெண்கள், தங்கள் சீட்டுக்கே தங்கள் பேரை ஜாமீனாக வைத்திராத பெண்கள், வரிசையாக எனக்காகப் பேர் கொடுத்தார்கள். ஒரு பேருக்கு இத்தனை பலமா!

தீபாவளிக்கு முன்பே பாயிடம் சாவி வாங்கினேன். அந்தச் சீட்டு முடியும்வரை ஒவ்வொரு சம்பள நாளும், வேலை விட்டதும் கொட்டகைக்குப் போய்ப் பணம் கட்டிவிட்டுத்தான் பிரிஞ்சாங் பஸ் ஏறினேன்.

போன மாதம் அக்கா புதுச் சீட்டு ஆரம்பித்தார். கணவன் விட்டுப் போன ஒரு பெண், கேட்கத் தயங்கி, கூடையை இறக்காமலே ஓரமாக நின்றாள். அவளுக்கு ஜாமீனாக என் பேரைக் கொடுத்துவிட்டு, எனக்குக் கடைசி முறையை வாங்கிக்கொண்டு வந்தேன்.