செல்லியம்மாள் சொன்ன பேர்

பரமத்தி வேலூர்ச் சந்தையில் வெற்றிலை விற்கும் செல்லியம்மாள் சிரித்தால் முன்பல் இரண்டு இருக்காது. உடைத்த மகராசன் அவள் புருஷன் சென்னியப்பன். காரணத்தைக் கேளுங்கள். காளை மிரண்டு முட்ட வந்தது. இவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பதறிப்போனவள் அவர் பேரைச் சொல்லிக் கத்திவிட்டாள். அவர் துள்ளி விலகித் தப்பித்தார். பெண்டாட்டி புருஷன் பேரைச் சொல்லிவிட்டாளே என்று வேலையாட்கள் சிரித்தார்கள். உயிர் பிழைத்த மனுஷன் மாடு ஓட்டும் தார்க்குச்சியைத் திருப்பிப் பிடித்து, அத்தனை பேர் முன்னாலும் அவள் வாயிலேயே அடித்தார்.

"உசுரு இருக்கற மட்டும் என்ற பேரு உன்ற வாயில வரப்படாது," என்றார்.

ஒரே மாதத்தில் அவளைப் பிறந்த வீட்டுக்குத் துரத்திவிட்டு இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டார். செல்லியம்மாள் அப்பன் எழுதிவைத்த வெற்றிலைக் கொடிக்காலைப் பார்த்துக்கொண்டு பிழைத்தாள். தினமும் வாய் கொப்பளிக்கும்போது நாக்கு பல் போன அந்தச் சந்துக்குள் போகும். எட்டு வருஷமாக அவள் வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழாம் வருஷம் தாலுகா போர்டுத் தேர்தல் வந்தது. நிலத்தீர்வை கட்டும் பெண்களுக்கும் ஓட்டு உண்டு. கொடிக்கால் அவள் பேரில் இருந்ததால் பட்டியலில் அவளும் இருந்தாள். தேர்தலில் நின்றவர்கள் இரண்டு பேர்: மயில்சாமி ஒருவர், நம்ம சென்னியப்பன் ஒருவர்.

பெண்டாட்டி ஓட்டு எங்கே போய்விடும் என்று சென்னியப்பன் வில்வண்டி கட்டிக்கொண்டு வந்து நின்றார். அடித்ததைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

"ஏறு புள்ள, ஓட்டுப் போட்டுட்டு வந்தரலாம்."

"வாரேனுங்க," என்று ஏறிக்கொண்டாள்.

பள்ளிக்கூடத்தில் ஓட்டு. செல்லியம்மாளைப் போல் எழுதத் தெரியாதவர்கள் வேட்பாளர் பேரை வாயால் சொல்லவேண்டும், அதிகாரி குறித்துக்கொள்வார். ஜன்னலில் ஒரே கூட்டம்.

"உங்க ஓட்டு யாருக்கும்மா?"

செல்லியம்மாள் வாயைத் திறக்கவில்லை. அதிகாரி மறுபடி கேட்டார். அப்போதும் பேச்சில்லை. பக்கத்தில் நின்ற சென்னியப்பனுக்கு வியர்த்துவிட்டது.

"சொல்லு புள்ள!"

"ஆரு பேரைங்க?"

"என்ற பேரைத்தான்!"

அவள் அசையவில்லை. ஜன்னலில் யாரோ சிரித்தார்கள். சென்னியப்பன் கையெடுத்துக் கும்பிடாத குறை.

"உனக்குப் புண்ணியமாப் போவுது தாயி, என்ற பேரைச் சொல்லீரு!"

எட்டு வருஷமாக அவள் காத்திருந்தது இதற்குத்தான். உதட்டை விரலால் தூக்கி, பல் இல்லாத இடத்தை அதிகாரிக்குக் காட்டினாள்.

"அந்தப் பேரைச் சொன்னதுக்குக் கெடச்ச கூலிங்க சாமி இது. புருசன் பேரைச் சொல்ற பொம்பள நானில்லீங்க. மயில்சாமிக்குப் போடுங்க."

வண்டி அவளை விட்டுவிட்டுப் போய்விட்டது. மூன்று மைல் நடந்தே வந்தாள். கால் வலித்தது; மனசு குளுகுளுவென்று இருந்தது.

சென்னியப்பன் நாற்பத்திரண்டு ஓட்டில் தோற்றார். அவள் ஓட்டு அவருக்கே விழுந்திருந்தாலும் தோற்றிருப்பார். இதை அவளிடம் மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள்.

அடுத்த சந்தையில், வெற்றிலை வாங்க வந்த கரூர் வியாபாரி பொதுவாகக் கேட்டார்: "போர்டுத் தேர்தல்ல தோத்தது ஆருங்க?"

பக்கத்துக் கடைப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். செல்லியம்மாள் மடியில் இருந்த வெற்றிலையை உதறிவிட்டு எழுந்து நின்றாள்.

"சென்னியப்பன்," என்றாள். வியாபாரிக்குக் கேட்டுவிட்டது. அது போதவில்லை அவளுக்கு. சந்தை முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி இன்னொரு தரம் சொன்னாள். பல் போன சந்தில் காற்றுப் போனாலும் பேர் தெளிவாகவே கேட்டது.