கென்யிரில் நான் பிடித்த ஒரே மீன்

சென்ற வாரம் எங்கள் அலுவலகத்தின் மனிதவளப் பிரிவு எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பியது. 'காட்டின் மடியில் ஐந்து நாட்கள்' என்று தலைப்பு. படத்தில் ஒரு கூடாரம். கூடாரத்துக்குள் ஏர்கான். கட்டில் மேல் துண்டை அன்னப்பறவை மாதிரி மடித்து வைத்திருந்தார்கள். ரத்தம் குடிக்கிற அட்டைகளெல்லாம் முன்கூட்டியே ரூம் காலி செய்துவிட்டுப் போயிருக்கும் போல. கடைசி வரியில், 'விருப்பமுள்ளவர்களுக்கு மீன்பிடி அனுபவமும் உண்டு.' பக்கத்திலேயே மீன் படம், வெள்ளைப் பீங்கான் தட்டில், எலுமிச்சைத் துண்டோடு.

நான் சிரித்த சிரிப்பில் கோப்பி மூக்கில் ஏறிவிட்டது. பக்கத்து மேசைப் பிள்ளை, "என்ன அங்கிள், ஓகேவா?" என்று கேட்டுக்கொண்டே தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். சார்டின் மீன் சம்பல். அவ்வளவுதான். அந்த வாசனை என்னைச் சுபாங் ஜெயாவின் பதினோராவது மாடியிலிருந்து தூக்கிக்கொண்டு போய், ஒழுகும் கேன்வாஸுக்கு அடியில், ஈரமான பலகைமேல் உட்கார வைத்துவிட்டது.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. கிள்ளானில் துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் கிளார்க். ஒரே படிவத்தை நான்கு நிறங்களில் நிரப்பி, நான்கு பேரிடம் கொடுத்து, நான்கு பேரும் அதைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது என் தொழில். அதே கம்பெனியில்தான் ஜெசிந்தா வேலை செய்தாள். பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து தினமும் ரயிலில் வருவாள். ஒரு வருடமாகப் பழகினோம். சனிக்கிழமைகளில் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுக்குப் போவோம். அவள் இரண்டு மணி நேரம் துணி பார்ப்பாள், எதையும் வாங்கமாட்டாள். நான் பின்னால் நின்று, "இது நல்லாருக்கு" என்பேன். இதற்குப் பெயர் காதல் என்று நான் முடிவு செய்திருந்தேன். எதையும் எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி வைக்கிற பெண்ணிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும். இருபத்தாறு வயதில் யாருக்கு அந்த அறிவு இருக்கிறது, சொல்லுங்கள்.

ஜெசிந்தாவின் அப்பா இறந்து ரொம்ப நாளாகிவிட்டது. வீட்டில் எல்லாமே அண்ணன் அல்போன்ஸ்தான். அப்பாவைப் போல அவரும் ரயில்வேயில். சிக்னல் பழுது பார்ப்பவர். நாற்பது வயது, கல்யாணம் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பூசை, மற்ற நேரமெல்லாம் தூண்டில். ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்கு என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். ஜெசிந்தா வைத்த மீன் குழம்பின் மயக்கத்தில் நான் வாயைத் திறந்தேன்.

"எனக்கு மீன்னா உயிருண்ணே."

நான் சொன்னது குழம்புச் சட்டியில் கிடக்கிற மீனை. அவருக்குக் கேட்டது ஆற்றில் ஓடுகிற மீன். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"அப்படியா தம்பி? என்ன ராட் வச்சிருக்க?"

அதுவரை எனக்குத் தெரிந்த ஒரே ராட், ஜன்னல் திரை மாட்டுவது. "ஒண்ணு ரெண்டு இருக்குண்ணே" என்றேன். சின்னப் பொய். குழம்பு அவ்வளவு ருசி.

மூன்று மாதம் கழித்து அவரே அலுவலகத்துக்குப் போன் செய்தார். "தம்பி, கென்யிர் போறேன். ஏரியத் தாண்டி ஆத்துக்குள்ள ஒரு கேம்ப். ஏழு நாளு. வர்றியா?"

பெண்ணின் அண்ணன் ஏழு நாள் காட்டுக்குள் தனியாகக் கூப்பிட்டால் என்ன அர்த்தம்? இன்டர்வியூ. நான் உடனே லீவு எழுதிக் கொடுத்தேன். ஜெசிந்தாவிடம் சொன்னபோது அவள் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல், "போயிட்டு வாங்க. அண்ணன் பேசுவாரு" என்றாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பதில்களையெல்லாம் மனப்பாடம் செய்தேன். கல்யாணம் கோவிலிலா தேவாலயத்திலா, பிள்ளைகளுக்கு என்ன பெயர், என் அம்மாவை எப்படிச் சமாளிப்பது, எல்லாவற்றுக்கும் பதில் தயார். கிள்ளானில் ஒரு தூண்டில் கடைக்குப் போய், இருப்பதிலேயே பெரிய ராட் எது என்று கேட்டேன். கடைக்காரச் சீனர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மகிழ்ச்சியோடு எடுத்துக் கொடுத்தார். வருடக்கணக்காக விற்காமல் கிடந்த சாமான் போல.

படகுத் துறையில் அல்போன்ஸ் அண்ணன் அதைக் கையில் வாங்கி, மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, இது கடல்ல சுறா புடிக்கிறது. நாம ஆத்துக்குப் போறோம்."

"சும்மா, ஸ்பேருக்குண்ணே."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்க அதையேதான் செய்தார்.

பாக் மாட் என்கிற மலாய்க்காரப் படகோட்டி எங்களை ஏரியைக் கடந்து, ஆற்றுக்குள் இரண்டு மணி நேரம் கூட்டிக்கொண்டு போய் ஒரு பலகைத் தரையில் இறக்கினார். மேலே கேன்வாஸ், நான்கு பக்கமும் காடு. கேம்ப் என்று இவர்கள் சொன்னது அதைத்தான். ஒரு சின்னப் படகையும் எஞ்சினையும் விட்டுவிட்டு, அடுத்த சனிக்கிழமை வருகிறேன் என்று பாக் மாட் போய்விட்டார். அவர் படகின் சத்தம் தேய்ந்து மறைந்தபோது என் நோக்கியாவைப் பார்த்தேன். ஒரு கோடுகூட இல்லை. அட்டைகள் மட்டும் தவறாமல் லைனில் இருந்தன.

முதல் நாள் அவர் பேசவில்லை. மீன் பிடிக்கிறவர்கள் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். இரண்டாம் நாளும் பேசவில்லை. தினமும் காலையில் என் பக்கம் திரும்பி, தொண்டையைச் செருமி, "தம்பி..." என்பார். நான் நிமிர்ந்து உட்காருவேன். தேவாலயக் கல்யாணத்துக்கான பதில் நாக்கு நுனியில் நிற்கும். அவர் ஆற்றைப் பார்த்துவிட்டு, "தண்ணி கலங்கிருக்கு" என்பார். இதைச் சொல்லவா கோலாலம்பூரிலிருந்து ஒன்பது மணி நேரம் வந்தோம்?

மூன்றாம் நாள் அவர் தூண்டிலில் ஒரு கெலா மாட்டியது. ஆற்று மீன்களில் ராஜா என்பார்கள். அரை மணி நேரம் அதோடு மல்லுக்கட்டி, கரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டார். பொன் நிறச் செதில் ஒவ்வொன்றும் ஐம்பது காசு அகலம்.

"தம்பி, வலைய எடு! தலைப்பக்கமா போடு!"

நான் வாலைப் பிடிக்கப் பாய்ந்தேன். வலையின் விளிம்பு தூண்டில் நரம்பில் பட்டது. டக்கென்று ஒரு சத்தம். ராஜா அரண்மனைக்குத் திரும்பிவிட்டார். அறுந்த நரம்பை அல்போன்ஸ் அண்ணன் சுற்றி எடுத்தார். இப்போது திட்டுவார், இனி கல்யாணம் அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

"வா, சாப்புடுவோம்" என்று சார்டின் டின்னைத் திறந்தார். ஆறு நிறைய மீன் ஓட, நாங்கள் மூன்று வேளையும் டின் மீன் தின்றோம். அந்த டின்னில் இருந்த மீன்கள் எங்களைப் பார்த்துச் சிரித்திருக்கும்.

நான்காம் நாள்தான் என் நாள். மழை தூறிக்கொண்டிருந்தது. என் சுறா ராட் வளைந்தது. நானாகவே, யார் உதவியும் இல்லாமல், ஒரு மீனை இழுத்துப் பலகைமேல் போட்டேன். பாவுங். மீசை வைத்த கெளுத்தி இனம், முழங்கை நீளம் இருக்கும். நான் ஆடிய ஆட்டத்தைக் காட்டுக் குரங்குகள் பார்த்திருந்தால் வெட்கப்பட்டிருக்கும்.

"தம்பி, ஆடாத. முள்ளு இருக்கு. நான் கழட்டுறேன்." அவர் குனிந்து மீனைப் பிடித்தார். நான் ராட்டைக் கீழே வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. மீனை நன்றாகப் பார்க்கும் ஆசையில் ஓர் இழுப்பு இழுத்தேன். பாவுங் திமிறியது. அதன் முதுகு முள் அவருடைய வலது உள்ளங்கையில் ஆழமாக இறங்கியது.

அவர் கத்தவில்லை. "மாதாவே" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலையில் கை கையாக இல்லை. மணிக்கட்டு வரை வீங்கி, சிவந்து, ஒரு சிவப்புக் கோடு முழங்கையை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது. கொண்டுவந்த மாத்திரைகள் தலைவலிக்கு மட்டுமே. பாக் மாட் வர இன்னும் இரண்டு நாள். மழையில் ஆறு தேத்தாரேக் டீயின் நிறத்தில் ஏறி, மரக்கட்டைகளை அடித்துக்கொண்டு போனது.

ஏரியில் ஆற்று முகத்தருகே ஒரு படகு வீடு நின்றதை வரும்போது பார்த்திருந்தோம். அங்கே போனால் ஆள் கிடைக்கும். அவரால் எஞ்சின் கயிற்றைத் தொடக்கூட முடியாது. நான் பாதுகாப்புச் சட்டையை மாட்டினேன். கொக்கியை எதில் மாட்டுவதென்று தெரியவில்லை.

"உனக்கு நீந்தத் தெரியுமா?"

"தெரியாதுண்ணே." இதற்கு மேல் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? "தூண்டிலும் போடத் தெரியாது. எனக்குச் சாப்பிடத்தான் தெரியும்."

"அது மொத நாளே தெரியும். ரீலத் தலகீழா மாட்டுனவன் நீ." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "ஒக்காரு தம்பி. போறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும்."

உட்கார்ந்தேன்.

"ஜெசிக்கு மெல்பர்ன்ல படிக்க எடம் கெடச்சிருச்சு. போகப்போறா. உன்கிட்ட சொல்ல அவளுக்குத் தைரியம் இல்ல. நீங்க சொல்லிருங்கண்ணேன்னு அழுதா. ஏழு நாளு இருந்தா எப்படியாச்சும் சொல்லிருவேன்னு நெனச்சேன். வாயே வரல." மூச்சு வாங்கினார். "கல்யாணம்லாம் வேணாங்கிறா. இத மறைச்சு உன்ன இந்தத் தண்ணில அனுப்புனா அது பாவம். மாப்பிள்ள ஆகலாம்னு நெனச்சுப் போகாத. இங்கயே இரு. பாக் மாட் வருவாரு."

ஐந்து நாளாக நான் இன்டர்வியூ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வேலையே இல்லை என்று சொல்லத்தான் மனிதர் தினமும் தொண்டையைச் செருமியிருக்கிறார்.

எனக்குக் கோபம் வந்தது. அவள்மேல், அவர்மேல், அந்தச் சுறா ராட்டின்மேல். படகுப் பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். ஓவென்று அழலாம்தான், அந்த மழையில் யாருக்குத் தெரியும். திரும்பிப் பார்த்தபோது அவர் இடது கையால் வலது கையைத் தாங்கிக்கொண்டு, கண்ணை மூடி, உதடு மட்டும் அசைய ஏதோ ஜெபித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிவப்புக் கோடு முழங்கையைத் தொட இன்னும் நான்கு விரல்தான் பாக்கி. அந்த மீனை இழுத்தது நான்தான். அதில் ஜெசிந்தாவுக்கு என்ன சம்பந்தம்?

"எஞ்சின எப்படிண்ணே ஸ்டார்ட் பண்றது?" என்று கேட்டேன்.

வீரமாகப் போனேன் என்று சொல்ல ஆசைதான். உண்மை என்னவென்றால், கயிற்றை முப்பது தடவை இழுத்த பிறகு எஞ்சின் உயிர் பெற்றது, முதல் வளைவிலேயே இறந்தது. பிறகு ஆறுதான் என்னைக் கொண்டுபோனது. படகு பக்கவாட்டில் போயிற்று, பின்புறமாகப் போயிற்று, ஒருமுறை விழுந்த மரத்தில் மோதி முழுச் சுற்றுச் சுற்றியது. அந்நேரத்தில் நான் கூப்பிடாத சாமி இல்லை. முருகனில் ஆரம்பித்து மாதா வரை போய்விட்டேன்.

படகு வீட்டில் ஈப்போவிலிருந்து வந்த நான்கு சீன அங்கிள்கள் கரோக்கே பாடிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் மைக்கைக் கீழே போட்டுவிட்டு, ஒரு வார்த்தை கேட்காமல் வேகப்படகை எடுத்தார்கள். மாலைக்குள் அல்போன்ஸ் அண்ணன் ஆஸ்பத்திரியில் இருந்தார். உள்ளங்கையைக் கீறிச் சீழ் எடுத்தார்கள். இன்னொரு நாள் விட்டிருந்தால் கையே போயிருக்கும் என்றார் டாக்டர்.

மறுநாள் ஜெசிந்தா பஸ் பிடித்து வந்தாள். அண்ணனைப் பார்த்துவிட்டு வெளியே வந்து என் எதிரில் நின்றாள்.

"அண்ணன் சொல்லிட்டாரா?"

"சொல்லிட்டாரு."

"சாரி லா."

ஒரு வருடத்தை, எங்களூர்ப் பேச்சில் எல்லாவற்றுக்கும் ஒட்டுகிற ஒரு 'லா'வில் முடித்துவிட்டாள். ஆனால் அவள் கண் சிவந்திருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த மாதம் விமானம் ஏறினாள்.

நான் ஒரு மாதம் தாடி வளர்த்தேன். எனக்குத் தாடி சரியாக வராது, அதனால் சோகமும் அரைகுறையாகவே தெரிந்தது. தாடியை எடுத்த வாரம் போன் வந்தது.

"தம்பி, சனிக்கிழமை பந்திங் பக்கம் இறால் புடிக்கப் போறேன். வர்றியா?"

"அண்ணே, எனக்குத்தான் தெரியாதே."

"அதான் தெரியும்ல. சும்மா வா."

போனேன். பதினெட்டு வருடம் போய்க்கொண்டே இருந்தேன். அந்த வலது கையின் மோதிர விரல் கடைசி வரை முழுதாக மடங்கவில்லை. அதனால் நரம்பில் தூண்டில் முள்ளைக் கட்டுவது என் வேலையானது. நான் கட்டிய முடிச்சு அவிழ்ந்து எத்தனையோ மீன்கள் பிழைத்திருக்கின்றன. என் கல்யாணத்துக்கு அவர்தான் மாப்பிள்ளைத் தோழன் மாதிரி ஓடியாடினார். என் மனைவிக்கு மீன் வாடையே ஆகாது. "ஆண்டவரு உன்னைக் கணக்கா வச்சு செஞ்சிருக்காரு" என்று சொல்லிச் சிரித்தார்.

அவர் போய் இரண்டு வருடமாகிறது. மாரடைப்பு. தூண்டில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் வரை வந்தவர், அங்கேயே உட்கார்ந்துவிட்டார். ஜெசிந்தா மெல்பர்னிலிருந்து பிள்ளைகளோடு வந்து அடக்கம் செய்துவிட்டுப் போனாள். நாங்கள் இருந்த கேம்புக்கு இப்போது யாரும் போக முடியாதாம், அந்த ஆற்றில் தூண்டில் போடத் தடை என்கிறார்கள். மீன்களுக்கு நல்லதுதான். என்னிடமிருந்து அவற்றுக்கு ஆபத்து இருந்ததில்லை என்பது வேறு விஷயம்.

போன மாதம் ஒரு வேலையாக பிரிக்ஃபீல்ட்ஸ் போனவன், பழக்கதோஷத்தில், அண்ணன் ரயில்வேயில் இருந்தபோது குடியிருந்த தெருவுக்குள் காரைத் திருப்பிவிட்டேன். ரயில்வே வீடுகள் ஒன்றுகூட இல்லை. கண்ணாடி கண்ணாடியாக ஓர் அடுக்குமாடிக் கோண்டோ. முன்னால் குறுக்குக் கட்டை, கூண்டுக்குள் காவலாளி. நம் தமிழ்ப் பையன்தான்.

"யாரைப் பாக்கணும் பாஸ்? பேரு சொல்லுங்க."

வண்டியைத் திருப்பியிருக்கலாம். ஏனோ, "அல்போன்ஸ்" என்றேன்.

அவன் திரையில் விரலை ஓட்டித் தேடினான். பின்னால் ஹாரன் அடித்தார்கள். பாவம், பொறுப்பான பையன், இரண்டாவது தடவையும் தேடினான்.

"அப்படி யாரும் இங்க இல்லையே பாஸ்."

"ஆமா" என்று சொல்லிவிட்டு ரிவர்ஸ் எடுத்தேன்.