நகராட்சி எல்லைக்கு உட்பட்டு

“சிதம்பரம் நகராட்சி எல்லைக்குள் வேறு எவருக்கும் இந்தப் பெயரில் கடை நடத்த அனுமதி தரப்படாது.” என் அக்காவின் கணவர் 2006-இல் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் உள்ள ஓர் ஆங்கில வாக்கியத்தின் தமிழ் இது. நகல் இப்போது கடலூரில் என்னிடம் இருக்கிறது. சென்னையில் இருந்த ஒரு டிபன் கம்பெனி தன் பெயரையும் பொடிகளையும் தரும். மாமா விற்பனையில் ஒரு பங்கு கட்டுவார். ஊர் முழுக்க அவருக்கு மட்டும். நாங்கள் அப்படித்தான் புரிந்துகொண்டோம். கம்மாபுரத்தில் தன் பங்குக்கு வந்த நிலத்தை விற்றுத்தான் மாமா அந்தக் கடையைப் போட்டார்.

மாலையில் கடையை நிரப்பியவர்கள் அண்ணாமலை நகரிலிருந்து வரும் மாணவர்கள். 2009-இல் அங்கேயே அதே பெயரில், அதே நிறத்தில் ஒரு பலகை முளைத்தது. மாமா அதைப் போலிக் கடை என்று நினைத்து, கம்பெனிக்கு விசுவாசமாகப் போன் செய்தார்: “நம்ம போர்டயே திருடி மாட்டியிருக்கான் சார், ஒடனே வாங்க!”

ஏரியா மேனேஜர் வந்தார். நிதானமாகத் தோசை சாப்பிட்டுவிட்டுச் சொன்னார்: “திருட்டு இல்லண்ணே, கம்பெனி நேரடியா நடத்துற கடை. அண்ணாமலை நகர் தனிப் பேரூராட்சி. ஒங்க எல்லையில வராது.”

“கடலூர்ல பஸ் ஏறுனா எல்லாரும் சிதம்பரம்னுதான சார் டிக்கெட் கேக்குறோம்?”

“டிக்கெட் வேற, அக்ரிமெண்ட் வேற.”

மாமா போய்ப் பார்த்த வழக்கறிஞரும் அதையேதான் சொன்னார். மாலை நேரத்தில் பாதி மேசைகள் காலியாகக் கிடந்தன. தண்டவாளத்தைத் தாண்டி நடந்து வர மாணவர்களுக்கு இனி அவசியம் இல்லை.

2011-இல் ஒப்பந்தக் காலம் முடிந்தது. மாமாவுக்குப் புதுப்பிக்க மனமில்லை. ஆனால் விலகினால் இரண்டு ஆண்டுகள் வேறு டிபன் கடை நடத்தக் கூடாது என்று ஒரு நிபந்தனை இருந்தது. ஞாயிறு பூசை முடிந்து அக்காவோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தவர், என்னை அதைப் படித்துச் சொல்லச் சொன்னார்.

“அதுவரிக்கும் நான் என்னா பண்றது மச்சான்? ஒங்க வூட்ல வந்து ஒக்காந்துக்கவா?”

கடையில் கல்லாவைப் பார்த்துக்கொள்ளும் அக்கா, கீரை ஆய்ந்தபடியே கேட்டாள்: “எங்க நடத்தக் கூடாதுன்னு போட்டிருக்கு?”

“சிதம்பரம் நகராட்சி எல்லைக்குள்ள.”

“அண்ணாமலை நகர் அதுல வராதுன்னுதான அந்தாளு தோசை துன்னுட்டுச் சொல்லிட்டுப் போனாரு?”

மாமா என்னிடமிருந்து காகிதத்தை வாங்கி, ஆங்கிலம் தெரியாவிட்டாலும், அந்த வரியைத் தானும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

ஆண்டு முடிவதற்குள் கம்பெனிக் கடைக்கு எதிர்வரிசையில், சொந்தப் பெயரில், அக்கா அரைத்த பொடியோடு கடை திறந்தார். மேனேஜர் மறுபடியும் வந்தார். “இது நியாயமில்லண்ணே” என்றார். மாமா நாற்காலியை இழுத்துப் போட்டார்: “பேரூராட்சி லைசென்ஸ் மாட்டியிருக்கு, பாத்துக்குங்க. மொதல்ல ஒக்காந்து சாப்புடுங்க சார்.” அவர் சாப்பிட்டார். இந்த முறை மாமா காசு வாங்காமல் விடவில்லை.

2012-இல் எதிர்க்கடை மூடப்பட்டது. தன் சட்னிதான் காரணம் என்கிறார் மாமா. வாடகைத் தகராறு என்கிறார் அந்தக் கட்டடத்தின் சொந்தக்காரர். கம்பெனிக்கு இருமுறை எழுதிக் கேட்டேன், பதில் வரவில்லை. எனவே கடை ஏன் மூடப்பட்டது என்பது இன்றுவரை உறுதிப்படுத்தப்படவில்லை. மாமாவிடம் இதை நான் சொல்வதில்லை.