வங்காலையில் ஒரு பூநாரை

சண்டைக்குப் பயந்து அக்கா கைக்குழந்தையோடு படகேறி இந்தியாவுக்குப் போனபோது எனக்கு ஒன்பது வயது. முப்பது வருடங்களுக்கு மேல் அகதி முகாமில் இருந்தாள். அத்தான் இறந்த பிறகு, முகாமில் பிறந்த பிள்ளைகளை அங்கே விட்டு, இங்கேயே இருந்துவிடலாமா என்று பார்க்கத் தனியாக வந்தாள். வீட்டில் நாங்கள் விருந்தாளிகளைப் போலத்தான் பேசிக்கொண்டோம்.

மாசி மாதத்து ஞாயிறொன்றில், தேவாலயத்தில் பூசை முடிந்ததும், அவளை ஸ்கூட்டரில் ஏற்றிப் பாலத்தைக் கடந்து வங்காலைப் பறவைகள் சரணாலயத்துக்குக் கூட்டிப்போனேன். பூநாரைகள் எட்டத்தில், வெளிறிய கோடாகத் தெரிந்தன. அக்கா அவற்றைப் பார்க்கவில்லை. வீதியோரம், மின்கம்பிகளுக்குக் கீழே, சேற்றில் ஒன்று சிறகடித்துக்கொண்டு கிடந்தது.

நான் வேண்டாமென்று சொல்லுமுன் சேலையைத் தூக்கிச் செருகி இறங்கிவிட்டாள். முழங்கால் வரை புதைந்தாள். பூசைக்குப் போட்ட முக்காட்டால் பறவையைச் சுற்றித் தூக்கி வந்தாள். ஒரு செட்டை முறிந்து தொங்கியது. வனசீவராசிகள் கந்தோருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"வாறம். தண்ணி பருக்காதேங்கோ" என்றார்கள்.

நிழலே இல்லை. வெயில் அதன்மேல் படாதபடி அக்கா குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"படகுக்காரன் எங்களை நடுக்கடல் மணல்திட்டில இறக்கிட்டுப் போட்டான்" என்றாள் திடீரென்று. "ரெண்டு நாள். குடிக்கத் தண்ணி இல்லை. எனக்குப் பால் வத்திப்போச்சு. பிள்ளை அங்கதான் செத்தது. அங்கேயே மணலைத் தோண்டித் தாட்டம்."

அந்தப் பிள்ளையை நான் ஏணையில் ஆட்டியிருக்கிறேன். இராமேஸ்வரம் ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் இறந்ததென்றுதான் கடிதம் வந்தது.

"அம்மாவுக்குத் தெரியுமோ?"

"இல்லை. போகவேண்டாமெண்டு அவதான் மறிச்சவ. எப்பிடி எழுதுறது?"

அவள் தோளில் கைவைக்கலாமா என்று யோசித்தேன், வைக்கவில்லை.

ஜீப் வருவதற்குள் பறவையின் கழுத்து அவள் மடியில் சரிந்துவிட்டது. வந்த இருவரும் அதைச் சாக்கில் போட்டு, இடத்தைக் குறித்துக்கொண்டார்கள். "கம்பியில அடிபட்டதுதான்" என்றார் ஒருவர்.

பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போது, அது எந்தத் திட்டு என்று கேட்டேன்.

"மணல் இடம் மாறும். இப்ப அது இருக்காது" என்றாள்.

அடுத்த மாதம் அக்கா திரும்பிப் போனாள். பிள்ளைகள் அங்கேதான் என்றாள். இரு என்று நான் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.