மன்னியின் ஒன்பது நிமிஷம்

அந்தக் கேசட்டின் மேல் மன்னி ஒன்றும் எழுதவில்லை. "மன்னி, ரேடியோ" என்று என் கையெழுத்துதான் இருக்கிறது. உள்ளே ஒன்பது நிமிஷ இசை. பாட்டு கிடையாது, தாளம் கிடையாது. எலக்ட்ரானிக் கீபோர்டில் ஒரு ஸ்வரம் நீளமாக நிற்கும்; அது அலுக்கும் முன் அடியில் இன்னொன்று மெல்ல வந்து சேர்ந்துகொள்ளும். நாலு சுவருக்குள்ளேயே நடந்து பழகியவள் வாசித்த இசை அது. எனக்கு அதைவிடப் பிடித்தது வேறில்லை.

மன்னி என் அண்ணாவின் மனைவி. தொண்ணூறுகளில் ஸ்ரீவராகத்து எங்கள் வீட்டுக்கு வந்தபோது பெட்டிகளோடு அந்தக் கீபோர்டும் வந்தது. சமையலும் பூஜையும் முடிந்து மத்தியானம் அரைமணி வாசிக்கலாம், அதுவும் சத்தத்தைக் குறைத்து. எப்படியோ வானொலி நிலையத்தில் வாய்ப்புக் கிடைத்து, ஒரே மூச்சில் வாசித்துப் பதிவு செய்துவிட்டு வந்தாள். ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ஒரே ஒரு தடவை ஒலிபரப்பு. "அத முழு சத்தத்துல ஒரு தடவ கேக்கணும்டீ" என்றாள். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

அந்தச் சனிக்கிழமை பார்த்து அவளுக்கு விலக்கு. கொல்லைப்புற அறையில் மூன்று நாள். விளக்கேற்றும் வேளையில் அவள் கண்ணில் படக்கூடாதென்று அம்மா கதவையும் சாத்திவிடுவாள். ரேடியோவோ கூடத்து அலமாரியில். "நீ ரெக்கார்டும் பண்ணு, நேக்கும் கேக்கறாப்ல வை. கேக்கலேன்னா கதவத் தட்டறேன்" என்றாள். இரவல் வாங்கிய டேப் ரெக்கார்டரை ரேடியோவுக்கு முன்னால் வைத்து அழுத்தினேன்.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. விளக்கின் முன் உட்கார்ந்திருந்த அம்மா திரும்பினாள். "என்னடீ இது, மோட்டார் ஓடறாப்ல? கொறச்சு வை." குறைத்தேன். கொல்லைப்புறக் கதவில் மூன்று தட்டு. என் விரல் குமிழின் மேலேயே இருந்தது. அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி மூன்று. எனக்கு இருபத்தாறு வயது, வங்கியில் வேலை, ஒரு குமிழைத் திருப்பத் துப்பில்லை. ஒன்பது நிமிஷமும் அப்படியே நின்றேன்.

நாலாம் நாள் தலைக்குக் குளித்துவிட்டு வந்து மன்னி கேசட்டைக் கேட்டாள். "தட்டறது நன்னாப் பதிஞ்சிருக்கு" என்றாள். கீபோர்டை உறைபோட்டுப் பரணில் ஏற்றினாள். பிறகு இறக்கவே இல்லை.

இப்போது என் பெண் அந்தக் கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி சிடியாக்கித் தந்திருக்கிறாள். "அம்மா, அந்த டிரம் கொள்ளாம் கேட்டோ. ஆரு வாசிச்சா?" என்று மலையாளம் கலந்து மெச்சிக் கேட்டாள். மன்னிதான் என்றேன். மன்னி இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறாள். ஒரு சிடியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "வச்சுட்டுப் போ" என்றாள்.

என் வீட்டில் தனியாக இருக்கும்போது போட்டுக் கேட்கிறேன். குறைக்கச் சொல்ல அம்மா இல்லை. முழுதாகக் கூட்டி வைக்கிறேன். கூட்டக் கூட்ட, அந்தத் தட்டலும் பலமாகிக்கொண்டே போகிறது.